ஈர விறகு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோரின் ஜீப்புகள் அதிகாலையிலேயே மலையேறத் தொடங்குகின்றன. பெற்றோர் வீடு திரும்ப மாலையாகிவிடும். அதற்குள் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டு, கடையில் எதையாவது திருடி அகப்பட்டுக்கொண்டால், 'இவன் நாளைக்கு ஜெயிலுக்குத்தான் போவான்' என்று ஊரார் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். இந்தத் தீர்ப்பு சரியானதா?

சிறுவயதில் மனநல நிலையத்திற்கு அழைத்து வரப்பட்ட 524 பேரின் வாழ்க்கையை, 30 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தார் அமெரிக்க ஆய்வாளர் லீ ராபின்ஸ். அவரது நூல் 1966-இல் வெளிவந்தது. சமூக விரோதப் போக்குடைய பெரியவர்களுள் ஏறக்குறைய அனைவரிடமும் அப்போக்கு சிறுவயதிலேயே காணப்பட்டது. ஆனால் அப்போக்குடைய சிறுவர்களுள் பெரும்பாலோர் அத்தகைய பெரியவர்களாக ஆகவில்லை. ஊரார் முதல் உண்மையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகின்றனர்.

நமது நியாய சாஸ்திரம் இப்பிழையை அன்றே எடுத்துக்காட்டியது. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகை இருப்பதில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பே அதற்குச் சான்று. நெருப்பிலிருந்து புகை எழ ஈர விறகு சேர வேண்டும். இதனை 'உபாதி' என்பர். பிள்ளையின் முரட்டுத்தனம் நெருப்பு, குற்றம் புகை எனக் கொண்டால், ஓயாத அடியும், கவனிப்பாரற்ற நிலையும், 'திருடன்' என்ற பட்டமுமே ஈர விறகு.

முன்கூட்டியே தீர்ப்பளிப்பதன் கொடுமையை இம்மலையடிவாரம் நன்கறியும். பிறப்பையே குற்றமாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கப்படும் வரை இப்பகுதி மக்களை வதைத்தது.

அப்படியானால் பிள்ளையின் தவற்றைக் கண்டுகொள்ளாமல் விடலாமா? கூடாது. திருட்டுக் கொடுத்தவனின் துயரமும் துயரமே. அமெரிக்காவின் இப்சிலாண்டி நகரில் 1962-இல் தொடங்கிய முயற்சியில், ஏழைக் குழந்தைகள் சிலருக்கு நல்ல மழலைக் கல்வி அளித்து, ஆசிரியர்கள் வாரந்தோறும் வீட்டிற்கும் சென்றனர். 40 வயதுக்குள் ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள், அக்கல்வி பெறாதவருள் 55 சதவீதம். பெற்றவருள் 36 சதவீதம். கவனிப்பு விறகை உலர்த்துகிறது.

'நீ செய்தது தவறு. பொருளைத் திருப்பிக் கொடுத்து வா' என்று பிள்ளையிடம் உறுதியாகச் சொல்லலாம். 'நீ திருடன்' என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. செயல் மனத்தின் அழுக்கு. அதைக் கழுவ முடியும். ஆன்மாவோ என்றும் தூயது. இதை நம்பும் ஒருவராவது அருகில் இருப்பதே, வழிதவறும் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் அருள்.