கையை விட்டுப் போன பின்

நம் தமக்கையின் மகன் கல்லூரி மாணவன். வானொலி, ஒலிபெருக்கி முதலியவற்றைத் தானே செய்து பார்ப்பதில் தணியாத ஆர்வம் உடையவன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் செம்பு ஒட்டிய பலகையும் அதனை அரிக்கும் ஃபெரிக் குளோரைடும் வாங்காமல் திரும்பமாட்டான். பலகையில் வேண்டிய இடத்தில் மை தீட்டி அக்கரைசலில் இட்டால், மை படாத செம்பெல்லாம் கரைந்து, மின்சாரம் ஓடும் பாதை மட்டும் எஞ்சி நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஒருநாள், பச்சை ஏறிய பழுப்புக் கரைசலை ஒரு பிளாஸ்டிக் புட்டியில் ஏந்தி வந்து, "மாமா, இதை எங்கே ஊற்றுவது?" என்று கேட்டான். "சாக்கடையில் ஊற்றி நான்கு குடம் தண்ணீர் விடு" என்றோம். சொன்ன பிறகே உறுத்திற்று. அது யோசித்துச் சொன்ன விடையன்று. பழக்கம் சொன்ன விடை.

கணக்கிட்டுப் பார்த்தோம். பத்து செண்டிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள பலகையில், 35 மைக்ரான் கனத்தில், சுமார் 3 கிராம் செம்பு இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு கரைந்தால் 2 கிராம். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு. உள்ளங்கை அகலப் பலகை ஒன்றின் கழிவே 1000 லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். மீன்களுக்கு அதைவிட மிகக் குறைந்த அளவே போதும். நான்கு குடம் எம்மாத்திரம்? தண்ணீர் விடுவதால் செம்பு அழிவதில்லை. அழிவது, அது யாருடைய செம்பு என்னும் அடையாளமே!

மனம் எளிதில் ஒப்புவதில்லை. "தோல் ஆலைகள் பாலாற்றையே கெடுத்தனவே, நம் ஒரு புட்டியா பெரிது?" என்று வாதிடுகிறது. அந்த ஆலைகளைப் பற்றிய வழக்கில்தான், 1996ஆம் ஆண்டு, மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் அத்தொழிலால் வாழ்ந்த குடும்பங்களுக்கு அத்தீர்ப்பின் சுமை தெரியும். அங்கும் ஒவ்வோர் ஆலையும் தன் பங்கு சிறிது என்றே எண்ணியிருக்கக்கூடும். 'சிறிது' என்பது அளவைப் பற்றிய பேச்சு. பொறுப்பைப் பற்றிக் கேட்டால் அது விடையாகாது.

செய்யத்தக்கது கடினமுமன்று. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சலவைச் சோடாவை நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். கரைசல் நுரைத்துப் பொங்கும். ஆகவே பெரிய பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டும், உலோகம் ஆகாது. நுரை முற்றிலும் அடங்கியபின் இரும்பும் செம்பும் சேறாகப் படியும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் நீரை வற்றவிட்டு, சேற்றைப் புட்டியில் அடைக்கலாம். சேறும் நஞ்சுதான், அதனை வீட்டு அபாயக் கழிவு பெறுமிடத்தில் ஒப்படைக்கவேண்டும். இருபது சதுர கிலோமீட்டருக்கு அத்தகைய இடம் ஒன்று அமைக்குமாறு 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் உள்ளாட்சிகளைப் பணித்தன. நாம் சென்று விசாரித்த அலுவலகத்திலோ நம்மை விநோதமாகப் பார்த்தார்கள்!

சால்டர் கம்பியின் துணுக்குகளும் இவ்வாறே. நூற்றுக்கு நாற்பது பங்கு ஈயம் கலந்த கம்பி இன்றும் கடைகளில் கிடைக்கிறது. தரையில் சிந்தியது தவழும் குழந்தையின் விரலில் ஒட்டி வாய்க்குப் போகும்.

ஆகவே புட்டி நம் வீட்டிலேயே, பூட்டிய அலமாரியில் இருக்கிறது, அமானிதப் பொருளைப் போல. அமானிதம் பிறர் தந்தது, இது நாமே உண்டாக்கியது என்று தமக்கை திருத்தினார். திருத்தம் சரிதான். எனினும் உரிய கையில் சேரும்வரை நாம் காக்கவேண்டியது என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு காணவில்லை.

புட்டியின்மேல் ஒட்டிய தாளில், உள்ளே இருப்பது இன்னது என்றும், தேதியையும் மருமகன் எழுதினான். தன் பெயரையும் எழுதவேண்டுமா என்று கேட்டான். எழுதச் சொன்னோம்.