ஒரு வேளையை வைத்து மனிதனை நிறுக்கலாமா?



தராசு பிடித்து வாழும் நமக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். முள் ஆடி ஓய்ந்து நடுவில் நிற்கும்வரை பொறுத்திருந்துதான் எடை சொல்ல வேண்டும். ஆடுகின்ற முள்ளைப் பார்த்து எடை சொல்பவனை ஊரார் வியாபாரி என்று மதிக்கமாட்டார்கள். அரிசிக்கும் பருப்புக்கும் நாம் காட்டும் இந்த நிதானத்தை மனிதர்களுக்குக் காட்டுகிறோமா? இருபது ஆண்டுகள் சேர்த்த பெயரை இருபது நிமிடத் தடுமாற்றத்தைக் கொண்டு அழித்துவிடுகிறோம். "நெருக்கடியில்தான் ஆளின் தரம் தெரியும்" என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லிக்கொள்கிறோம். அந்த நியாயம் எவ்வளவு தூரம் சரி என்பதே இம்முறை நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

இதற்கு விளக்கம் தேடி அமெரிக்க நாட்டுக் கூடைப்பந்துக் களத்திற்குப் போவோம். "பந்தாட்டத்திற்கும் நமது பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் பள்ளித் திடலில் ஆடும் ஆட்டந்தான் அது. மேலும், மனித மனத்தின் இயல்பு கடையிலும் களத்திலும் ஒன்றேயாகும்.

லெப்ரான் ஜேம்ஸ் என்பவர் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 1984ஆம் ஆண்டு பிறந்தவர். ஏழை வீட்டுப் பிள்ளை. 2003இல் தம் ஊருக்கு அருகிலுள்ள கிளீவ்லேண்ட் அணியில் சேர்ந்து ஏழு பருவங்கள் ஆடினார். 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். ஆயினும் வாகைப் பட்டம் மட்டும் கைக்கு எட்டவில்லை. 2010 ஜூலை 8ஆம் நாள், தாம் மயாமி அணிக்குப் போவதாகத் தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தார். சொந்த ஊரார் மனம் நொந்து அவருடைய பெயர் பொறித்த சட்டைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். மறுநாள் மயாமியில் நடந்த வரவேற்பு விழாவில், ஆரவாரக் கூட்டத்தின் முன், இரண்டல்ல, மூன்றல்ல என்று எண்ணிக்கொண்டே போய், ஏழு பட்டம்வரை எண்ணிக் காட்டினார். சரக்கு வந்து சேருமுன்னே விற்பனைச் சீட்டு எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பானது அது.

பதினொரு மாதங்கள் கழித்து, அந்தச் சீட்டுக்குத் தவணை வந்தது. 2011ஆம் ஆண்டின் இறுதித் தொடரில் மயாமி அணியும் டாலஸ் அணியும் மோதின. ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்பவருக்கே பட்டம். அதற்கு முந்திய மூன்று சுற்றுகளிலும் மயாமி அணி, எதிர்த்தவர்களை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்தியிருந்தது. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தையும் அதுவே வென்றது. இரண்டாம் ஆட்டத்தில், ஏழு நிமிடங்களே எஞ்சியிருந்தபோது பதினைந்து புள்ளிகள் முன்னணியில் இருந்து, பின்னர் 95க்கு 93 என்று தோற்றது. மூன்றாவதை வென்றது. அதற்குப்பின் மூன்றையும் தொடர்ந்து இழந்தது. ஜூன் 12ஆம் நாள், மயாமி மண்ணிலேயே டாலஸ் அணி பட்டத்தைத் தட்டிச் சென்றது.

அந்தத் தொடரில் லெப்ரானுக்கு நேர்ந்ததுதான் விந்தை. அப்பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரி 26.7 புள்ளிகள் எடுத்தவர், இந்த ஆறு ஆட்டங்களில் சராசரி 17.8 புள்ளிகளே எடுத்தார். முடிவை நிர்ணயிக்கும் கடைசிக் கால்பகுதிகள் ஆறிலும் சேர்த்து அவர் எடுத்தவை 18 புள்ளிகள்தாம். ஜூன் 7ஆம் நாள் நடந்த நான்காம் ஆட்டத்தில் மொத்தம் எட்டே புள்ளிகள். கடைசிக் கால்பகுதியில் ஒன்றுகூட இல்லை. எறிந்து தவறியதைவிட, எறியவே தயங்கியதுதான் பார்த்தவர்களைத் திகைக்க வைத்தது. பந்து கைக்கு வந்ததும் பக்கத்திலிருப்பவருக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நாடெங்கும் ஒரே பேச்சு: "இவனுக்கு நெஞ்சில் உரமில்லை."

சகோதரர்களே, இந்தத் தீர்ப்பைத்தான் நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவதாக, எதிர்த்து நின்றவர்களை இந்தத் தீர்ப்பு மறந்துவிடுகிறது. டாலஸ் அணி அனுபவம் முதிர்ந்த அணி. லெப்ரான் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவர் மறிக்க, அவருக்குப் பின்னால் இன்னொருவர் காத்து நிற்கும்படி வியூகம் வகுத்திருந்தது. தோற்றவனை மட்டும் ஏசும்போது வென்றவனுடைய உழைப்பையும் சேர்த்தே நாம் திருடிவிடுகிறோம். எதிர்க் கடைக்காரன் விடியற்காலையில் எழுந்து உழைத்ததைப் பாராமல், "நம் பையன் சரியில்லை" என்று மட்டும் சொல்லும் முதலாளி, நோய் ஒன்றிருக்க மருந்து வேறு தேடுகிறவனே.

இரண்டாவதாக, நெருக்கடியில் கைகால் மறுத்துப்போவது கோழைத்தனம் அன்று. பணமாற்றுக் கடை வைத்திருப்போர் இதை எளிதில் அறிவர். ஆயிரம் நோட்டுகளைக் கண்மூடித்தனமாக எண்ணி முடிக்கும் விரல்கள், எதிரே ஒருவர் குனிந்து உற்றுப் பார்த்தால் தடுமாறும். காரணம் என்ன? அதுவரை விரல் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தது. இப்போது மனம் விரலைக் கண்காணிக்கத் தொடங்கிவிட்டது. பழகிய வேலையில் மனம் குறுக்கிடுமானால் வேலை கெடும். நெருக்கடியை ஆராய்ந்த மனநூல் அறிஞர்களும் இதையே கூறுகின்றனர். உலகமே உற்றுப் பார்க்க, ஏழு பட்டம் என்ற சொல் காதில் ஒலிக்க, ஊரார் கொளுத்திய சட்டை கண்முன் நிற்க, அந்த இருபத்தாறு வயது இளைஞரின் மனம் ஆட்டத்தில் முழுதும் இருந்திருக்குமா?

"அப்படியானால் அவர்மீது குற்றமே இல்லையா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். புயலடிக்கும் நாளுக்காகத்தானே மாலுமிக்குச் சம்பளம்? நெருக்கடி ஒரு சோதனை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது எதைச் சோதிக்கிறது என்பதில்தான் தெளிவு வேண்டும். எதிரியின் திறமையும் பந்தின் துள்ளலும் நம் கையில் இல்லை. உடலின் நடுக்கம் பாதி நம் கையில் உண்டு, பாதி இல்லை. வேளை வருமுன் நாம் விடும் சொல்லும், வேளை போனபின் நாம் நடக்கும் நடையும் முழுக்க முழுக்க நம் கையில் உள்ளவை. பழியும் புகழும் இந்த மூன்றாவதற்கே உரியவை. அந்த வகையில் லெப்ரான் செய்த பிழை, ஜூன் மாதத்து எட்டுப் புள்ளிகள் அல்ல. முந்திய ஜூலை மாதத்து ஏழு பட்டங்களே. தோல்விக்குப்பின், தம் தோல்வியை விரும்பியவர்கள் மறுநாள் எழுந்து தத்தம் கவலைகளையே பார்க்க வேண்டும் என்ற பொருள்பட அவர் பேசியதும் நல்ல சொல்லன்று.

இனி, அன்று வென்றவரைப் பாருங்கள். டாலஸ் அணியின் தலைமகன் டெர்க் நொவிட்ஸ்கி, ஜெர்மனியிலிருந்து வந்தவர். முதல் ஆட்டத்தில் இடக்கை விரலில் தசைநார் அறுந்தது. நான்காம் ஆட்டத்தில் கடுங்காய்ச்சல். இரண்டையும் தாங்கி ஆடினார். ஊரே அவரை இரும்பு நெஞ்சர் என்று கொண்டாடியது. ஆனால் இதே மனிதரை இதே உலகம் முன்பு என்ன சொல்லிற்று? 2006ஆம் ஆண்டு இறுதித் தொடரில் இதே மயாமியிடம், முதல் இரண்டு ஆட்டங்களை வென்றபின் அடுத்த நான்கையும் டாலஸ் இழந்தது. மறு ஆண்டு, 67 வெற்றிகளோடு முதலிடத்தில் நின்ற அணி, முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து அணியிடம் வீழ்ந்தது. அந்தக் கடைசி ஆட்டத்தில் நொவிட்ஸ்கி எடுத்தவை எத்தனை புள்ளிகள் தெரியுமா? எட்டு! நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை, தோற்று வெளியேறிய பிறகு வாங்கிக்கொள்ள வேண்டிய நிலை அவருக்கு. "மென்மையானவர், நெருக்கடிக்கு உதவாதவர்" என்று அன்று எழுதியவர்களே நான்கு ஆண்டுகள் கழித்து அவரைச் சிங்கம் என்றார்கள். அந்தத் தீர்ப்பு உண்மையாயின் இந்தத் தீர்ப்பு பொய். இது உண்மையாயின் அது பொய். இரண்டும் ஒரு வேளையை வைத்துப் போட்ட எடைகளே.

பட்டம் கிடைத்த ஆறாம் ஆட்டத்திலும் ஒரு பாடம் உண்டு. அதன் முற்பாதியில் நொவிட்ஸ்கி பன்னிரண்டு முறை எறிந்து ஒரே ஒருமுறைதான் கூடையில் போட்டார். அந்தப் பொழுதோடு நிறுத்தியிருந்தால் அவரும் தோற்றவரே. ஆனால் தோழர் ஜேசன் டெர்ரி 27 புள்ளிகள் எடுத்துச் சுமையைத் தாங்கினார். தலைவர் தம் கை திரும்பும்வரை பொறுத்திருக்க அவகாசம் கிடைத்தது. கடைசிக் கால்பகுதியில் அவர் பத்துப் புள்ளிகள் எடுத்தார். துணிவு என்று நாம் சொல்வதில் பாதி, பக்கத்தில் நிற்பவர் கொடுக்கும் தைரியமே.

லெப்ரான் பின்னர் என்ன செய்தார்? சில நாட்கள் யாரையும் பார்க்காமல் வீட்டில் அடைந்து கிடந்தார். பிறகு தம் குறையைத் தாமே எழுதிப் பார்த்தவர்போல் எழுந்தார். கூடைக்கு அருகில் நின்று ஆடும் கலையில் தாம் பின்தங்கியதை உணர்ந்து, அக்கலையில் கரைகண்ட ஹக்கீம் ஒலாஜுவானைத் தேடி ஹியூஸ்டன் நகருக்குப் போய்ப் பாடம் கேட்டார். நைஜீரிய நாட்டு லாகோஸ் நகரில் பிறந்த இந்தப் பெரியவர், ரமலானில் ஆட்ட நாட்களிலும் நோன்பை விடாதவர். 1995ஆம் ஆண்டு பிப்ரவரியில் நோன்போடு ஆடியே அம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் எனப் பெயர் பெற்றவர். அத்தகையவர் முன், இரண்டு முறை நாட்டின் முதல்வராக விருது பெற்ற ஒருவர் மாணவனாகப் போய் நின்றது சிறிய காரியமன்று. "எனக்குத் தெரியாது, கற்றுக்கொடுங்கள்" என்று சொல்வதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

2012 ஜூன் 7ஆம் நாள், அந்த எட்டுப் புள்ளிக்குச் சரியாக ஓராண்டு கழித்து, பாஸ்டன் நகரில் தோற்றால் வெளியேற்றம் என்ற ஆட்டத்தில் லெப்ரான் 45 புள்ளிகள் எடுத்தார். அதே மாதம் பட்டமும் வென்றார். முந்திய ஆண்டுத் தோல்விதான் தமக்கு நேர்ந்த நன்மைகளில் தலையாயது என்றும், அது தமக்குப் பணிவைக் கற்பித்தது என்றும் அப்போது மனம்விட்டுச் சொன்னார். மயாமியில் அவருக்குக் கிடைத்த பட்டங்கள் ஏழல்ல, இரண்டே. பிறகு சட்டையைக் கொளுத்திய சொந்த ஊருக்கே திரும்பி, 2016இல், ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு கிளீவ்லேண்டுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1964க்குப் பின் பெரிய விளையாட்டுப் பட்டம் எதையும் காணாத நகரம் அது. கொளுத்திய கைகளே அவரை வாரியணைத்தன.

இனி நம் கடைக்கு வருவோம். பத்தாண்டுகள் கல்லாவில் நேர்மையாக நின்ற ஒரு பிள்ளை, பெருநாள் முன்னிரவு நெரிசலில் கணக்கைத் தவறவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பத்துப் பேர் முன்னிலையில் நாம் அவனை என்ன சொல்கிறோம்? அந்தச் சொல் அவன் மனத்தில் ஏறிக்கொண்டு அடுத்த பெருநாளிலும் அவன் விரலைக் கண்காணிக்கும். பிழையை நாமே வளர்த்துவிட்டு, "அன்றே சொன்னேன், இவன் உதவமாட்டான்" என்று பெருமையும் பேசிக்கொள்வோம். அவ்வாறன்றி, அந்த நெரிசலில் இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்தினோமா, முன்கூட்டியே பழக்கினோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதே முதலாளிக்கு அழகு.

நஷ்டத்தை மறைக்கச் சொல்லவில்லை. அன்றைய நஷ்டத்தை அன்றைய ஏட்டில் அப்படியே எழுத வேண்டும். இல்லையேல் கணக்குப் பொய்யாகிவிடும். ஆனால் ஒருநாள் நஷ்டத்திற்காகப் பேரேட்டையே மூடிக் கட்டிவைப்பவன் வியாபாரி அல்லன். நிலுவையை முன்கொண்டு போய் எழுதி, மறுநாள் காலையில் கடை திறப்பதே நம் பெரியவர்கள் நமக்குக் காட்டிய வழி. பிறருக்கு மட்டுமல்ல, நம்மில் எவருக்கேனும் கை நடுங்கிய வேளை ஒன்று நேர்ந்திருந்தால், அவருக்கும் இதுவே வழி.

முள் ஆடட்டும். அது நிற்கும்வரை நாம் சற்றுப் பொறுப்போம்.