ஃபள்லின் முகத்தைத் திருப்பிய கை

பெரியோர்களே, தம்பிமார்களே, திரைக்கு அந்தப்புறம் அமர்ந்து கேட்கும் தாய்மார்களே!

கல்யாண வீட்டுப் பேச்சு நம் எல்லோருக்கும் தெரியும். சேலை முந்தானையையே முக்காடாகப் போட்டு வந்த பெண்ணைக் கண்டால், "மார்க்கம் எங்கே போச்சு?" என்று ஒரு கூட்டம் கேட்கும். நிகாப் போட்டு வந்த பெண்ணைக் கண்டால், "சின்ன வயசுல இதெல்லாம் தேவையா?" என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் ஒரே சஹனில் கை வைத்துக்கொண்டுதான் பேசும். யாரும் யாரையும் பரிகசிக்கக் கூடாது என்று சூரா ஹுஜுராத்தின் 11-ஆம் வசனத்தில் சொன்ன அல்லாஹ், அதோடு விடாமல், பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதையும் தனியாக எடுத்துச் சொல்லித் தடுக்கிறான். அந்த வசனம் சஹனுக்கு முன்னால் நினைவுக்கு வருவதில்லை.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் உம்மம்மாமார்கள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டுதான் தெருவில் இறங்கினார்கள். வளைகுடாப் பயணம் பெருகிய பிறகு கறுப்பு அபாயா வந்தது. இப்போது துப்பட்டிக்காரியைப் பழைய பஞ்சாங்கம் என்கிறோம், அபாயாக்காரியை அரபு மோகம் பிடித்தவள் என்கிறோம். உடலை மறைக்கச் சொன்ன மார்க்கம், நிறத்தையும் தையலையும் நம்மிடமே விட்டிருக்கிறது.

எதுவரை மறைப்பது என்பதில் சஹாபாக்களிடமே இரண்டு விளக்கம் உண்டு. சூரா நூரின் 31-ஆம் வசனம், தானாக வெளியே தெரிவதற்கு விலக்கு அளிக்கிறது. அது மேலாடை என்றார்கள் இப்னு மஸ்ஊத் (ரலி). முகமும் கைகளும் என்றார்கள் இப்னு அப்பாஸ் (ரலி). மத்ஹபுகளின் கருத்து வேறுபாட்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதில் அரசாங்கம் கை வைத்தால் என்ன ஆகும்? ஈரானைப் பாருங்கள். 1936-இல் ரிஸா ஷா பர்தாவுக்குத் தடை போட்டார். காவலர்கள் தெருவில் பெண்களின் சாதரைப் பிடித்து இழுத்தார்கள். வீட்டு வாசலைத் தாண்டாமலே இருந்துவிட்ட பெண்கள் பலர். புரட்சிக்குப் பிறகு, 1983-இல், சட்டம் தலைகீழானது. முக்காடு இல்லாவிட்டால் 74 கசையடி வரை தண்டனை. 2022-இல் ஒழுக்கக் காவலர்கள் பிடித்துச் சென்ற மஹ்ஸா அமீனி என்ற 22 வயதுப் பெண் மௌத்தானார். பறித்ததும் லத்தி, போடச் சொன்னதும் லத்தி. லத்திக்குப் பயந்து போட்ட முக்காட்டில் நிய்யத் எங்கிருந்து வரும்?

இனி நான் சொல்ல வந்த சம்பவம். ஹிஜ்ரி 10, நபி (ஸல்) அவர்களின் இறுதி ஹஜ். முஸ்தலிஃபாவிலிருந்து மினாவுக்கு ஒட்டகத்தில் வருகிறார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் சிறிய தந்தை அப்பாஸ் அவர்களின் மகன் ஃபள்ல் (ரலி). அழகான வாலிபர். கஸ்அம் கோத்திரத்துப் பெண் ஒருவர் வந்து, வாகனத்தில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத தம் தந்தைக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா என்று கேட்கிறார். அவரும் அழகானவர். ஃபள்ல் அவரையே பார்க்கிறார். நபியவர்கள் கையைப் பின்னால் நீட்டி, ஃபள்லின் முகவாயைப் பிடித்து முகத்தை மறுபக்கம் திருப்புகிறார்கள். கூடவே, செய்யலாம் என்று அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதிலும் சொல்கிறார்கள். புகாரியில் பதிவான ஹதீஸ் இது.

கவனியுங்கள், "நீ ஏன் இப்படி வந்தாய்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. மார்க்கச் சட்டம் கேட்க வந்தவர், பதிலோடு திரும்பினார்.

"அவர் இஹ்ராமில் இருந்தார், அதனால்தான் முகம் திறந்திருந்தது" என்று ஆலிம்கள் சிலர் சொல்வார்கள். தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. இஹ்ராமில் பெண் நிகாபும் கையுறையும் அணியக் கூடாது என்பதும் ஹதீஸ்தான். அந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அங்கே திருப்பப்பட்டது யாருடைய முகம்?

பெண்களின் ஆடை பற்றிய 31-ஆம் வசனத்தை நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். பார்வையைத் தாழ்த்தும்படி பெண்களுக்கும் அதில் கட்டளை உண்டு. ஆனால் அதே கட்டளையை அல்லாஹ் முதலில் ஆண்களுக்குத்தான் இட்டான், அதற்கு முந்திய 30-ஆம் வசனத்தில். அதை மட்டும் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். திரைக்கு அந்தப்புறம் இடம் எப்போதும் நிரம்பிவிடுகிறது. அடுத்த வாரம் இந்தப்புறம்தான் நிரம்ப வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் தம்பிகளையும் அழைத்து வாருங்கள்.