கடமை என்று எழுதிய கை

நூறாண்டு கடந்த தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால், ‘நாம் கடமைப்பட்டிருக்கிறோம்’ என்ற தொடர் அடிக்கடி எதிர்ப்படும். பஞ்சமோ, சுதேசித் துணியோ, பெண் கல்வியோ, பேச்சு எதுவானாலும் எழுதுகிறவர் தம்மையும் அந்த ‘நாம்’ என்பதற்குள் நிறுத்திக்கொண்டே எழுதினார். இன்றைய செய்தியில் அந்த இடத்தை ‘நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்’ பிடித்துக்கொண்டது. எடுக்க வேண்டியவர் யார்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை.

அப்படித் தம்மையும் சேர்த்து எழுதியவர்களில் ஒருவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878இல் ‘தி இந்து’வைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அவர், 1882இல் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கினார். விதவைகளுக்கு மறுமணம் செய்து வைப்பது சமூகத்தின் கடமை என்பது அவர் கொள்கை. அப்படி எழுதியவர் வீட்டிலேயே சிறுவயதில் கணவனை இழந்த மகள் இருந்தாள். 1889இல் காங்கிரஸ் மகாசபை பம்பாயில் கூடியபோது, அந்த ஊரிலேயே அவளுக்கு மறுமணம் நடத்தினார். சொந்தச் சாதியார் அவரை ஒதுக்கி வைத்தார்கள். பந்தியில் இடமில்லை, நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல் மிதிக்கமாட்டார்கள் என்பதே அந்நாளில் விலக்கு என்பதன் பொருள். அதற்குப் பிறகும் அவர் எழுத்தின் சூடு குறையவில்லை. 1908இல் ராஜதுரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தபோது அவர் நோயாளி.

அதே ஆண்டில்தான் பாரதி எழுதிய ‘இந்தியா’ இதழின்மீதும் வழக்கு வந்தது. பாரதி புதுச்சேரிக்குப் போனார். பதிவேட்டில் ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதி பிடிபடாமல் இருந்ததால் தமிழுக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. ஆனாலும் எழுத்தின் கடனைத் தன் உடம்பால் அடைத்த அந்த மனிதரை நாம் மறந்தது சரியில்லை.

கடமைச் சொல் தலையங்கத்தில் மட்டும் இருக்கவில்லை. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ‘சந்தா நேயர்களுக்கு’ என்று வரும் அறிவிப்பிலும் இருந்தது. பாக்கியை அனுப்புவது வாசகர் கடமை, வி.பி.பி.யில், அதாவது பணம் கட்டிப் பெறும் தபாலில், வரும் இதழைத் திருப்பி அனுப்பினால் தபால் செலவு பத்திரிகையின் தலையில் விழும் என்று கெஞ்சாத குறையாக எழுதுவார்கள். பல நல்ல பத்திரிகைகளைச் சாகடித்தது அவற்றிடம் அரசாங்கம் கேட்ட ஜாமீன் தொகை மட்டுமன்று. படித்துவிட்டுப் பணம் அனுப்பாதவர்களுக்கும் அதில் பங்குண்டு.

அந்தக் கால எழுத்தை அப்படியே தலையில் வைத்துக் கொண்டாட என்னால் முடியாது. ராஜ விசுவாசமும் கடமை என்றே அச்சாயிற்று. கணவனுக்கு அடங்கி நடப்பதை ‘ஸ்திரீ தர்மம்’ என்று பக்கம் பக்கமாகப் போதித்தார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சேரியில் இருந்தவனுக்கு அவன் கடமையை எடுத்துச் சொன்னவர்கள், அவனைத் தெருவுக்குள் விடும் கடமை தங்களுக்கு உண்டு என்று நினைக்கவில்லை. அங்கெல்லாம் சுமை ஒருவர் தோளில், சொல் இன்னொருவர் வாயில். கடமை என்ற சொல்லுக்கு மதிப்பு வந்தது, சொன்னவரே முதலில் தோள் கொடுத்த இடத்தில்தான். மகளின் கல்யாணத்தை நடத்திய அந்தத் தகப்பனிடம் நான் காண்பது அதைத்தான்.

பத்திரிகையில் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘எடுக்கப்பட வேண்டும்’ என்று முடிக்குமுன் எந்த அதிகாரி, எந்தத் துறை என்று பெயரைப் போடுங்கள். அதில் நம் பங்கு ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்கு வரும் சிற்றிதழின் சந்தா முடிந்து போயிருந்தால், நினைவூட்டுக் கடிதத்துக்குக் காத்திராமல் இந்த வாரமே பணத்தை அனுப்பிவிடுங்கள்.