ஒதுங்குதலும் ஒதுக்குதலும்

ராத்திரி தூக்கத்தில் எழுந்து ஒண்ணுக்குப் போகிறவர், திரும்பி வந்து படுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டுமா? வேண்டும் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். மருத்துவம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் கழுவாதவரை நாம் 'சுத்தமில்லாதவர்' என்கிறோம். கொஞ்ச நேரத்தில் அது 'சுத்தமில்லாத ஜனங்க' என்றாகிவிடுகிறது. ஒரு பழக்கத்தைப் பற்றிய பேச்சு எந்த இடத்தில் ஒரு பிறப்பைப் பற்றிய பேச்சாக மாறுகிறது? இலக்கியப் பத்திரிகையில் மூத்திரத்தைப் பற்றியா எழுதுவது என்று முகம் சுளிக்கிறவர்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எம்.ஏ. தமிழில் இடக்கரடக்கல் என்று படித்தோம். சபையில் சொல்லக் கூடாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. 'கால் கழுவி வந்தேன்' என்பது அதற்கு வழக்கமாகத் தரும் உதாரணம். எங்கள் சனங்களிடம் இதற்கு இருக்கிற சொல் 'ஒதுங்குறது'. 'செத்த ஒதுங்கிட்டு வரேன்' என்றால் எல்லாருக்கும் புரியும். ஆண்டை எதிரே வந்தால் வழியை விட்டு விலகி நிற்பதற்கும் அதே சொல்தான். இரண்டுக்கும் ஒரே புதர், ஒரே வரப்போரம். 'கக்கூஸ்' என்ற சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது என்கிறார்கள். அந்த டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த சதுரங்கப்பட்டினம் இதே கடற்கரையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. சொல் எந்தக் காலத்திலோ வந்து சேர்ந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குரிய சுவரும் கதவும் திருவிடந்தையை ஒட்டிய எங்கள் காலனித் தெருவுக்கு வந்து சேர 2016 ஆயிற்று.

திருவிடந்தை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நித்ய கல்யாணப் பெருமாள் ஞாபகம் வரும். கல்யாணம் கைகூட வேண்டும் என்று மாலை போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றுகிறவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். எங்கள் காலனியில் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தால் கிழவிகள் கேட்கிற முதல் கேள்வி வேறு. "மாப்ள வூட்ல கக்கூஸ் கீதா?" பவுன் கணக்கெல்லாம் அப்புறம்தான்.

என் சின்ன வயசில் பொழுது சாய்ந்த பிறகு அம்மா தண்ணி குடித்து நான் பார்த்ததில்லை. கோடையிலும் அப்படித்தான். ராத்திரி சவுக்குத் தோப்புக்குத் தனியாகப் போக முடியாது. நாலு பொம்பளைகள் சேர வேண்டும், ஒரு டார்ச் லைட் வேண்டும், ஒருத்தி காவலுக்கு நிற்க வேண்டும். ரோட்டில் கார் வெளிச்சம் அடித்தால் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சட்டென்று எழுந்து நிற்க வேண்டும். இதற்குப் பயந்து எங்கள் பெண்கள் சின்ன வயசிலேயே கற்றுக்கொண்ட வித்தை 'அடக்கிக்கிறது'. திருக்குறளில் அடக்கமுடைமை என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அது மனசையும் நாக்கையும் பற்றியது. எங்கள் அம்மாக்கள் பயின்றது மூத்திரப்பையின் அடக்கம். அதற்கு யாரும் அதிகாரம் எழுதவில்லை.

உடம்பு இந்த அடக்கத்தை மதிப்பதில்லை. மூத்திரப்பை கொள்வது 400, 500 மில்லி. பெண்ணுக்கு மூத்திரக் குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான், கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். தண்ணி குடித்து அடிக்கடி போனால் அது கழுவிக்கொண்டு வெளியேறும். குடிக்காமல் அடக்கினால் உள்ளேயே பெருகும். நீர்க்கடுப்பும் குளிர் காய்ச்சலும் எங்கள் தெருப் பெண்களுக்குப் பழகிப்போனவை. கர்ப்பிணிகள், சர்க்கரை வியாதிக்காரர்கள், வயசானவர்கள் ராத்திரிக்கு மூணு நாலு தடவை எழுந்தாக வேண்டும். அவர்களுக்கு அடக்கம் என்பது தினமும் ஒரு தண்டனை.

தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் உதவித்தொகையில் கக்கூஸ் வந்தது. கதவு வந்தது, குழாய் வரவில்லை. பிறகு காலனியில் ஒரு சுகாதாரக் கூட்டம் போட்டார்கள். ராத்திரி போனாலும் ஒவ்வொரு தடவையும் தண்ணி ஊத்தணும், சோப்புப் போட்டுக் கை கழுவணும், சுத்தம் நம்ம பழக்கத்துல இருக்கு என்று பேசினார்கள். எங்கள் ஆயா ஒருத்தர் எழுந்து சொன்னார்:

"ஏம்மா, ராவுல நாலு வாட்டி எய்ந்துக்கிறேன் நானு. வாட்டிக்கு அர பக்கெட்டுன்னா ரெண்டு பக்கெட்டு ஆவுது. கொழாயில காலைல ஒரு மணி நேரம் உடுறான். ஒரு கொடம் கஞ்சிக்கு, ஒரு கொடம் குடிக்க. நான் கை கழுவுற தண்ணிய யாரு தூக்கியாறது, நீ தூக்கியாறியா?"

கூட்டம் சிரித்தது. பேச வந்தவருக்குக் கோபம். ஆயா சொன்னது அத்தனையும் வெறும் கணக்கு.

அந்தக் கணக்கை மேலே கொண்டுபோவோம். கிராமத்து வீட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு அரசு வைத்திருக்கும் அளவு 135 லிட்டர். பழைய மாதிரி ஃப்ளஷ் தொட்டியை ஒரு தடவை இழுத்தால் 10 லிட்டர் போகும். எங்கள் பக்கத்து ஊர் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் தொடங்கியது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் அதன் பக்கத்திலேயே இன்னொன்று, 15 கோடி லிட்டர். இது தென்சென்னைக்குப் போகிற தண்ணீர். சென்னைக்காரர்கள் தாகத்தில் கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கடலிலிருந்து எடுத்த நல்ல தண்ணீர் ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் கொட்டுகிறது. இங்கே ஆயா குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கிறார். மறுநாள் காலையில் இரண்டு பேரில் ஒருவருக்கு 'சுத்தமானவர்' என்று பேர், இன்னொருவருக்கு இல்லை. இதில் குணம் எங்கே வந்தது?

வசதியைக் குணமாக்குகிற இந்தத் தந்திரத்துக்கு வயசு அதிகம். மநு ஸ்மிருதி ராத்திரி ஒதுங்குவதற்கும் விதி சொல்கிறது. பகலில் வடக்கே பார்த்தும் ராத்திரியில் தெற்கே பார்த்தும் உட்கார வேண்டுமாம். இருட்டிலும் உயிருக்கு ஆபத்தான சமயத்திலும் பார்ப்பனர் எந்தத் திசையைப் பார்த்தும் உட்காரலாம் என்று விலக்கும் தருகிறது. உயிர்ப் பயத்தோடு ஒதுங்குவதை அவருக்கு ஒரு விதிவிலக்காகத்தான் அந்த நூலால் யோசிக்க முடிந்தது. எங்கள் பெண்களுக்கு அதுதான் தினசரி. பிறகு கழுவும் கணக்கு. எந்த உறுப்புக்கு எத்தனை தடவை மண் தேய்க்க வேண்டும் என்று எண்ணிச் சொல்லிவிட்டு, அது குடும்பஸ்தனுக்கு என்கிறது. பிரம்மச்சாரிக்கு இரண்டு மடங்கு, வனத்தில் வாழ்பவருக்கு மூன்று, துறவிக்கு நான்கு. தோழர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கையில் ஒட்டிய அழுக்குக்குத் துறவி யார், குடும்பஸ்தன் யார் என்று தெரியாது. எண்ணிக்கை அழுக்கைப் பார்த்து ஏறவில்லை, ஆள் நிற்கிற படியைப் பார்த்து ஏறுகிறது. அந்தஸ்தை அளக்கிற கோல் இது. இந்தக் கோலில் கடைசிப் படியில் நிறுத்தப்பட்டவர் கடலையே கொண்டுவந்து கழுவினாலும் சுத்தமாக முடியாது.

மகாடில் இது வெளிப்படையாகவே நடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரோடு போனவர்கள் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். அதற்காகச் சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் ஊற்றிக் குளத்தைப் 'புனிதம்' செய்தார்கள். மாட்டு மூத்திரம் சுத்தம், மனுசன் கை அசுத்தம். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே ஊரில் மநு ஸ்மிருதி எரிக்கப்பட்டது.

மநுவைச் சொன்னால், அது பழைய கதை, சீர்திருத்தவாதிகள் எல்லாம் வந்து மாற்றிவிட்டார்கள் என்பார்கள். அப்படியானால் டர்பனுக்குப் போவோம். 1898. காந்தியின் வீடு மேல்நாட்டுப் பாணியில் கட்டப்பட்டது. அறைகளில் தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. ஆகவே ராத்திரிக்கு அறைக்கு ஒரு மூத்திரச் சட்டி. அவரிடம் வேலை பார்த்த எழுத்தர்கள் அந்த வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். பழகியவர்கள் தங்கள் சட்டியைத் தாங்களே கழுவிக்கொண்டார்கள். புதிதாக வந்த ஒருவர், பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். புதியவர் என்பதால் அவருடைய சட்டியைக் காந்தியோ கஸ்தூரிபாவோ எடுக்க வேண்டும். மற்றவர்களுடையதை எடுத்த கஸ்தூரிபாவுக்கு இதை எடுக்க மனசில்லை. அழுதுகொண்டே சட்டியோடு படியிறங்கினார். சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று காந்தி கத்தினார், கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போனார், பிறகு வெட்கப்பட்டார். அவரே தன் வரலாற்றில் எழுதியிருப்பதுதான் இது.

இதைப் படிக்கிறவர்கள் காந்தியின் பிடிவாதத்தைப் பேசுகிறார்கள், கஸ்தூரிபாவின் கண்ணீரைப் பேசுகிறார்கள். இரண்டும் பேச வேண்டியவைதான். எனக்கு மனசு நிற்பது அந்த எழுத்தரிடம். வாசல்வரை கேட்ட அந்தச் சண்டை அவர் காதில் விழுந்ததா? மறுநாள் ராத்திரி அந்தச் சட்டியை அவர் எப்படித் தொட்டிருப்பார்? அடக்கிக்கொண்டு விடிகிறவரை படுத்துக் கிடந்திருப்பாரா? அவர் மூத்திரத்தை வைத்து ஒருவர் தன் தர்மத்தைச் சோதித்தார், இன்னொருவர் தன் தீட்டைக் காத்தார். அவரைக் கேட்டார்களா என்பது கதையில் இல்லை. மற்றவர்களைப் போலத் தன் சட்டியைத் தானே கழுவிக்கொள்ள ஒரு வாளித் தண்ணீரும், எங்கே கொட்டுவது என்ற விவரமும் போதும். அடுத்தவர் அழுக்கை எடுப்பது சிலருக்குத் தவம், சிலருக்குப் பிறவித் தொழில். மனுசனுக்கு வேண்டியது இரண்டும் இல்லாமல் தன்னுடையதைத் தானே கழுவிக்கொள்ளும் வசதி.

அந்த வசதி இல்லாதவருக்கு இன்றைக்கு என்ன நடக்கிறது? மத்தியப் பிரதேசம், சிவபுரி மாவட்டம், பாவ்கேடி கிராமம். 2019 செப்டம்பர் 25, விடிகாலை. 12 வயசும் 10 வயசுமான இரண்டு தலித் குழந்தைகள் திறந்தவெளியில் ஒதுங்கினார்கள் என்று தடியால் அடித்தே கொல்லப்பட்டார்கள். அவர்கள் வீட்டில் கக்கூஸ் இல்லை. ஊரோ திறந்தவெளியில் மலம் கழிக்காத ஊர் என்று ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட ஊர். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 2 அன்று, கிராமப்புற இந்தியா முழுவதையும் அப்படியே அறிவித்தார்கள். ஒதுங்க இடம் தராமல் ஒதுக்கி வைத்தவர்கள், ஒதுங்கியதற்குத் தண்டனையும் கொடுத்தார்கள்.

இவ்வளவையும் சொன்னால், "அப்போ கை கழுவ வேணாங்கறீங்களா?" என்று கேட்பார்கள். கழுவத்தான் வேண்டும். கழுவாத கையிலிருந்து வாய்க்குப் போகிற பேதி நம் வீட்டுக் குழந்தையைத்தான் முதலில் பிடிக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவினால் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல நாடுகளில் சோதித்துப் பார்த்த உண்மை. கிருமிக்குச் சாதி கிடையாது. நான் கேட்பது, 'நீ கை கழுவ வேண்டும்' என்பதிலிருந்து 'நீ அசுத்தமானவள்' என்பதற்கு எப்படித் தாவுகிறீர்கள் என்பதுதான். முதலாவது ஒரு கடமை. தண்ணீரைக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் அதை யாருக்கும் சொல்லலாம். இரண்டாவது ஒரு தீர்ப்பு. அதைச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்று, பொத்தானை அழுத்தி, கையும் கழுவிவிட்டுப் படுக்கிறவரின் சுத்தம் அந்த அறையோடு முடிந்துவிடுவதில்லை. குழாய் அடைத்தால், தொட்டி நிரம்பினால், இன்னமும் ஒரு ஆள் உள்ளே இறக்கப்படுகிறார். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்குத் தெரியும். 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை. தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமானால் முதலில் மூக்கின் வாசனையறிவையே கொன்றுவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று உள்ளே இருப்பவர் நினைக்கும் நேரம்தான் சாகும் நேரம். மேலே இருப்பவர்களுக்கும் நாற்றம் தெரிவதில்லை. அவர்கள் சாவதில்லை, அவ்வளவுதான்.

நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டியது இருக்கிறது. காலனியில் ராத்திரி எழுந்து வேலியோரம் நின்றுவிட்டு அப்படியே வந்து படுக்கிறவர்கள் நம் ஆம்பளைகள். தண்ணி தூக்குவதும் கக்கூஸ் கழுவுவதும் நம் பொம்பளைகள். படுத்த படுக்கையான மாமியாருக்குச் சட்டி வைத்து எடுப்பது மருமகள், மகன் வாசலில் நிற்கிறான். டர்பன் வீட்டில் கேட்ட கேள்வியை நம் வீட்டிலும் கேட்கத்தான் வேண்டும். தோட்டி வேலை ஒரு சாதிக்கு எழுதி வைத்ததல்ல என்று மேடையில் முழங்குகிறவர், வீட்டில் அது ஒரு பாலுக்கு எழுதி வைத்ததல்ல என்பதையும் கையால் செய்து காட்ட வேண்டும்.

ஆகவே சுகாதாரக் கூட்டம் போட வருகிறவர்களுக்கு எங்கள் காலனியிலிருந்து சொல்ல வேண்டியது சுருக்கம்தான். ராத்திரியிலும் தண்ணி வருகிற குழாய், கக்கூஸில் ஒரு பல்பு, உள்ளிருந்து தாழ் போடுகிற கதவு, தொட்டி நிரம்பினால் ஆளை இறக்காமல் எடுக்க ஒரு லாரி. இதையெல்லாம் கொண்டுவந்த பிறகு பழக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். ஆயா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்.