அழகும் ஆயுதமும்

நம்மிடம் படித்த மாணவன் ஒருவன் மேனாட்டு நகரமொன்றிலே ஏலக் கம்பனி ஒன்றின் களஞ்சியத்தில் வேலை பார்க்கின்றான். விற்பனைக்கு வரும் பழம்பொருள்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து அடுக்குவதும், விலைபோனபின் மீண்டும் பொதி செய்து அனுப்புவதும் அவன் தொழில். அண்மையில் அவன் நமக்கு ஒரு நீண்ட கடிதமும் அத்துடன் ஓர் ஏலப் பட்டியலும் அனுப்பியிருந்தான். பட்டியல் முழுவதும் யப்பானிய வாள்களும் அரிய இராணுவக் கைத்துப்பாக்கிகளுமே. அவற்றுள் ஒரு வாளைத் தன் கையாலேயே உறையிலிருந்து உருவியதாக எழுதுகின்றான். அலகு பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிடியும் உறையும் 1930களில் யப்பானியப் படையதிகாரி ஒருவருக்காகச் செய்யப்பட்டவை. வெறுங்கை அலகிலே படக்கூடாது என்றும், வாய்திறந்து பேசினால் மூச்சின் ஈரத்தால் துருவேறும் என்றும் மேற்பார்வையாளர் எச்சரித்தாராம். "சேர், இவ்வளவு அழகான ஒரு பொருளை நான் என் வாழ்நாளில் தொட்டதில்லை. அப்படி நினைத்தது பிழையா?" என்று அவன் கேட்கின்றான்.

அவன் இதனைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அவனுடைய பாட்டனாரின் தமையன் மலாயாவிலே இலிகிதராக இருந்தவர். 1943இல் சயாம்-பர்மா புகையிரதப் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் பின்னர் திரும்பவில்லை. அப்பாதையில் மடிந்த வெள்ளையரான போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலே பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உண்டு. அதே பாதையில், அதே காய்ச்சலிலும் பட்டினியிலும் மடிந்த பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளருள் மிகப்பெரும்பாலோருக்குப் பெயர் சொல்லும் ஒரு கல்தானும் இல்லை. இந்தக் குடும்ப நினைவோடு வாளைக் கையிலெடுத்தவன் அதன் அழகிலே மயங்கினான், மயங்கியதற்காகக் கூசினான். உடனே பதில் எழுத நம்மால் இயலவில்லை.

வாள் அழகானதுதான். இதனை முதலிலே ஒப்புக்கொள்ளாது அறம் பேசப் புகுவது நேர்மையாகாது. யப்பானின் ஷிமானே மாகாணத்து மலைப்பகுதியிலே இரும்பு மணலைக் களிமண் உலையிலிட்டுக் கரியுடன் மாறிமாறிக் கொட்டி, மூன்று பகலும் மூன்று இரவும் இடைவிடாது எரிப்பர். 1977இல் மீண்டும் மூட்டப்பட்ட உலையொன்றுக்கு ஒரு தடவைக்குச் சுமார் 10 தொன் இரும்பு மணலும் 12 தொன் கரியும் வேண்டும். முடிவிலே உலையையே உடைத்து உள்ளிருக்கும் உருக்குப் பாளத்தை இழுத்தெடுக்கின்றனர். அதிலும் ஒரு பகுதியே வாளுக்கு உதவும். கொல்லன் அதனை உடைத்து, அடுக்கி, தட்டி, மடித்து, மீண்டும் தட்டி வடிவுக்குக் கொண்டுவருகின்றான். பின்னர் வாளின் முதுகிலே தடிப்பாகவும் வாய்ப்பக்கத்திலே மெல்லியதாகவும் களிமண் பூசி, நெருப்பிலிட்டு, தக்க செம்மை கண்டதும் நீரிலே தோய்க்கின்றான். மண் மெலிந்த வாய்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து கடினமாகின்றது. முதுகு மெல்லக் குளிர்ந்து நெகிழ்வோடு நிற்கின்றது. இரண்டும் சந்திக்குமிடத்தில் முகிலின் கரைபோல ஒரு வெண்கோடு தோன்றுகின்றது. ஹமோன் என்று யப்பானியர் இதனை அழைப்பர். தோய்க்கும் கணத்திலே வெடித்துப் பாழாகும் அலகுகளும் உண்டு. வெடிக்காது பிழைத்தது தீட்டுபவனிடம் செல்லும். அவன் கல் மாற்றிக் கல் மாற்றிப் பல நாள் தீட்டுவான். உறை செய்பவன் வேறு, கைக்காப்பு வார்ப்பவன் வேறு. எனவே மாணவன் அழகென்று கண்டது பல கைகளின் உழைப்பையே. அதிலே கூசுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் வாள் பட்டறையிலேயே இருந்துவிடும் பொருளன்று. அது யாருடைய இடையிலே தொங்கிற்று என்ற வினா உண்டு. 1588ஆம் ஆண்டில் தொயோதோமி ஹிதேயோஷி என்ற ஆட்சியாளன் குடியானவர்களிடமிருந்த வாள், ஈட்டி, துப்பாக்கி யாவற்றையும் பறிக்க ஆணையிட்டான். பறித்த இரும்பைக் கியோத்தோவிலே தான் எழுப்பும் மாபெரும் புத்தர் சிலைக்கு ஆணியாகவும் பிணைப்பாகவும் பயன்படுத்தப் போவதாகவும், ஆகவே கொடுப்போர்க்கு இம்மையில் மட்டுமன்றி மறுமையிலும் நன்மை உண்டென்றும் அவ்வாணை கூறிற்று. வரி கொடாது எழுந்து நிற்கக்கூடிய கைகளை வெறுங்கைகளாக்குவதற்கு இதனினும் பக்திமயமான வழியை எந்த அரசும் கண்டதாக நமக்குத் தெரியவில்லை. அன்றுதொட்டு வாள் ஒரு வர்க்கத்தின் அடையாளமாக இறுகிற்று. நீளமும் குட்டையுமாக இரு வாள் அணியும் உரிமை சமுராய்க்கே உரியது. நெல் விளைவித்தவனுக்கு அது இல்லை. 1876இல் மெய்ஜி அரசு வாளணிவதைத் தடைசெய்தபோது அவ்வுரிமை சட்டப்படி முடிவுற்றது. வாட்கொல்லர் பலர் சமையற் கத்தியும் தொழிற்கருவியும் செய்து பிழைக்க நேர்ந்தது.

சேகரிப்போர் வாளிலே முதன்மையாகப் பார்ப்பது அலகை என்று நாம் எண்ணியிருந்தோம். அவ்வாறன்று. மூங்கில் ஆணியைக் கழற்றிப் பிடியை நீக்கி, பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பைத்தான் அவர்கள் ஆராய்கின்றனர். காம்பின் துருவை எவரும் துடைப்பதில்லை. துருவின் நிறமே வயதுக்குச் சான்று. கொல்லன் தன் பெயரையும் ஊரையும் காலத்தையும் அங்கேதான் வெட்டியிருப்பான். புகழ்பெற்ற பெயர்கள் போலியாகவும் பொறிக்கப்பட்டமையால், பெயரை மறைத்துவிட்டு ஹமோனையும் உருக்கின் இழையையும் மட்டும் கொண்டு கொல்லனை அடையாளங் காணும் பயிற்சி அங்கு ஒரு தனிக் கல்வியாகவே வளர்ந்துள்ளது. நமது ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியாளர் எழுத்தின் வடிவு கண்டு காலம் கணிப்பதைப்போல என்று மாணவருக்கு விளக்கலாம்.

சில காம்புகளிலே இன்னொரு வாசகமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு முதலாகப் புதிய வாளின் கூர்மையைச் சோதிக்க மரணதண்டனை பெற்றோரின் உடல்களைப் பயன்படுத்தினர். உடல்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி ஒரே வீச்சில் வெட்டுவர். ஷோகுன் ஆட்சியிலே இத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த யமதா அசாயெமோன் என்ற குடும்பப் பெயர் பெயர்பெற்றது. சோதனை முடிந்ததும் "இரண்டு உடல் வெட்டியது", "மூன்று உடல் வெட்டியது" என்று வெட்டியவரின் பெயரோடும் நாளோடும் காம்பிலே பொறித்து, சிலவேளை அவ்வெழுத்துக்களிலே பொன்னும் பதித்தனர். இன்று அத்தகைய வாசகமுள்ள வாளுக்கு விலை கூடும். செய்தவன் பெயர் இருக்கின்றது; வெட்டியவன் பெயர் இருக்கின்றது; நாள் இருக்கின்றது. வெட்டப்பட்டவன் எண்ணாக இருக்கின்றான். அவன் பெயரை எழுதும் வழக்கம் இல்லை.

அந்த எண், காம்போடு நின்றுவிடவில்லை. 1937ஆம் ஆண்டு யப்பானியப் படை நன்கிங் நகரை நோக்கிச் சென்றபோது, இரு இளம் அதிகாரிகளுள் யார் முதலில் நூறு பேரை வாளால் வெட்டுவார் என்ற "போட்டி"யைத் தோக்கியோ நாளிதழ் ஒன்று தொடர்செய்தியாக வெளியிட்டது. இறுதிக் கணக்கு 106க்கு 105. விளையாட்டுச் செய்தியின் தொனியிலே அது எழுதப்பட்டது. அச்செய்தியில் எவ்வளவு மெய், எவ்வளவு பெருமைப் பேச்சு என்பது பற்றி யப்பானில் நெடுங்காலம் வாதம் நடந்தது. இருவரும் 1948இல் நன்கிங்கிலே மரணதண்டனை பெற்றனர். மெய்யாயினும் மிகையாயினும் நாம் நோக்கவேண்டியது, அதனைக் காலை உணவோடு வாசித்து மகிழத்தக்க செய்தியாக ஒரு நாளிதழ் கருதியமையையே. தோக்கியோவின் யசுகுனி ஆலய வளவிலே 1933இல் அமைக்கப்பட்ட பட்டறை, படையதிகாரிகளுக்காகப் பழைய முறைப்படி வாள் அடித்தது. தொழிற்சாலைகள் இயந்திரத்தால் வாள்களைக் குவித்தன. பரம்பரை வாளுள்ள குடும்பத்தினர் அதனையே இராணுவப் பிடியும் உறையும் மாட்டிப் போருக்கு அனுப்பினர். நம் மாணவன் உருவிய வாள் இவ்வகையானது.

1945இல் யப்பான் சரணடைந்ததும் ஆயுதம் என்ற வகையிலே வாள்கள் யாவும் ஒப்படைக்கப்பட வேண்டியவையாயின. பெருந்தொகையானவை உருக்கப்பட்டன, கடலில் எறியப்பட்டன, அமெரிக்கச் சிப்பாய்களின் நினைவுப் பொருளாகக் கப்பலேறின. பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த மசமுனே என்ற பெருங்கொல்லனின் வாள்களுள் தலைசிறந்ததாகக் கருதப்பட்ட ஹொன்ஜோ மசமுனே, தொகுகவா குடும்பத்தினரால் 1945 டிசெம்பரில் தோக்கியோவின் பொலிஸ் நிலையமொன்றிலே ஒப்படைக்கப்பட்டது, அடுத்த மாதம் அமெரிக்கர் கைக்குச் சென்றது, அதன்பின் காணப்படவேயில்லை. எஞ்சியவற்றைக் காப்பாற்றியவர்களுள் முதன்மையானவர் ஹொன்மா ஜுன்ஜி என்ற அறிஞர். இவை ஆயுதமல்ல, கலைப்பொருள் என்று கட்வெல் என்ற அமெரிக்கக் கேணலை அவர் நம்பவைத்தார். அந்த வாதத்தின் வழியாகவே இன்றைய யப்பானியச் சட்டமும் அமைந்தது. கலைச்சிறப்புள்ள வாளைப் பதிவுசெய்து வைத்திருக்கலாம். போர்க்காலத் தொழிற்சாலை வாளுக்குப் பதிவு கிடையாது.

ஹொன்மாவை நாம் குறைகூறவில்லை. அவர் இல்லையேல் ஏழெட்டு நூற்றாண்டு உழைப்பு கடலடியிலே கிடக்கும். எனினும் அந்த வாதத்துக்கு ஒரு விலை உண்டு. அழகுள்ளது ஆயுதமன்று என்று சொல்லித்தான் வாள் பிழைத்தது. அந்தப் பொய்யைச் சேகரிப்போர் இன்றும் விட்டபாடில்லை.

கைத்துப்பாக்கிகளுக்கு அந்த அழகுமில்லை. நம்பு கிஜிரோ வடிவமைத்த யப்பானியத் துப்பாக்கிகளுள் 94ஆம் வகை என்பது, விசையைத் தொடாது பக்கத்திலுள்ள ஒரு தண்டை அழுத்தினாலும் வெடித்துவிடக்கூடிய குறையுள்ள படைப்பு. குறையே அதன் புகழ். இங்கே விலையை நிருணயிப்பவை வேறு. ஒவ்வோர் உறுப்பிலும் ஒரே இலக்கம் இருக்கவேண்டும், தோலுறை இருக்கவேண்டும், எல்லாவற்றினும் மேலாக, அதனைப் போர்க்களத்திலிருந்து எடுத்துவந்த சிப்பாய்க்கு மேலதிகாரி கையொப்பமிட்டுக் கொடுத்த அனுமதித் துண்டு இருக்கவேண்டும். எடுத்தவன் பெயர் அதில் உண்டு, ஒப்பமிட்டவன் பெயர் உண்டு. எவன் கையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு அதிலே இடமில்லை. வாட்காம்பையும் இத்துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நமக்கு ஒருவகைத் திகைப்பே ஏற்பட்டது. இரு நாடுகள், இரு நூற்றாண்டுகள், ஒரே இலக்கணம்.

சந்தையின் போக்கோ இன்னும் விசித்திரமானது. நம்மவர் வீட்டு விறாந்தைகளிலே எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட சிங்கர் தையல் இயந்திரத்தை அறியாதார் யார்? அதே கம்பனி 1941இல் அமெரிக்க இராணுவத்துக்காக 500 கைத்துப்பாக்கிகள் மட்டும் செய்துகொடுத்து, பின்னர் அத்தொழிலை விட்டது. அவற்றுள் ஒன்று 2017இல் 4 இலட்சத்து 14 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று. அது எவரையாவது கொன்றதா என்று வாங்கியோர் கேட்கவில்லை; குறைவாகச் செய்யப்பட்டமையே சிறப்பு. 2021இல் வேறொரு சுழல்துப்பாக்கி 60 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதைப்போன்ற துப்பாக்கிகள் ஏராளம் செய்யப்பட்டன. ஆனால் 1881இல் பட் கரெட் என்ற அதிகாரி பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்டது இதனால்தான். ஆக, கொலை விலையைக் குறைப்பதுமில்லை. புகழ்பெற்றவன் செத்திருந்தால் கூட்டுகின்றது. பெயரற்றவன் செத்திருந்தால் சந்தைக்கு அது ஒரு செய்தியேயன்று.

துப்பாக்கி எத்தனை வயதிலே பழம்பொருளாகின்றது? அமெரிக்கச் சட்டம் 1898ஆம் ஆண்டைக் கோடாகப் போட்டிருக்கிறது; அவ்வாண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவை பழம்பொருள். நம் நாட்டிலே 2009இல் முடிவுற்ற போரின் ஆயுதங்கள் காணி துப்புரவாக்கும்போது இன்னும் மண்வெட்டியிலே தட்டுப்படுகின்றன. அவற்றை வெல்வெட்டிலே கிடத்தி எவரும் பார்ப்பதில்லை, பொலிசாரை அழைக்கின்றனர். செத்தவனுக்காக அழுதோர் உயிரோடிருக்கும்வரை ஆயுதம் ஆயுதமாகவே இருக்கும்போலும்.

சேகரிப்போர் யாவரும் போர்வெறியர் என்று நாம் சொல்லவரவில்லை. அவர்களுள் பொறுமையும் புலமையும் உள்ளோர் பலர். கல்லூரிகள் செய்யாத ஆராய்ச்சியை அவர்கள் செய்திருக்கின்றனர். நாம் குறைகாண்பது அவர்களுடைய அறிவின் எல்லையை. ஒரு வெண்கோட்டைக் கொண்டு ஐந்நூறு ஆண்டுக்கு முன்னிருந்த கொல்லனைப் பெயர்சொல்லி அழைக்கக்கூடிய கண், எண்பது ஆண்டுக்கு முன் அதே அலகு எந்த ஊருக்குச் சென்றது என்று தேடுவதில்லை. தேட முடியாததன்று. படையணிகளின் பதிவேடுகள் உண்டு, போர்க்குற்ற விசாரணைகளின் ஏடுகள் உண்டு. தேடினால் பொருள் "கறைபட்டு" விடுமே என்ற அச்சம் உண்டு. மாணவனுக்கு இவ்வாறே எழுதினோம்: அழகென்று கண்டது பிழையன்று, அழகைக் கண்டபின் கேள்வியை நிறுத்திக்கொண்டால் அது பிழை, நீ நிறுத்திக்கொள்ளவில்லை.

சென்ற கிழமை அவனுடைய மறுகடிதம் வந்தது. அவ்வாள் விற்றுவிட்டதாம். வாங்கியவர், அலகை மட்டும் சாயமற்ற வெள்ளை மர உறையொன்றுக்கு மாற்றி அனுப்பும்படி கேட்டிருக்கிறார். சேகரிப்பிலே அப்படித்தான் வைப்பது வழக்கம். இராணுவப் பிடியும் உறையும் உறைமேலிருந்த தோற்கவசமும் தமக்கு வேண்டா என்று எழுதியிருக்கிறாராம். தோல் கறுத்து, தோளிலே உரசிய பக்கம் தேய்ந்திருக்கின்றது என்கிறான். அவற்றை என்ன செய்வதென்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. களஞ்சியத்தின் பின்தட்டிலே, இலக்கச் சீட்டில்லாமல், இப்போதைக்கு வைத்திருக்கின்றான்.