சோணரின் பாதங்கள்

புனேயை அடுத்த தேகு ரோடில் 1954 டிசம்பர் 25-ல் டாக்டர் அம்பேத்கர் பகவன் புத்தரின் திருவுருவை நிறுவினார். கல்வியே நமக்குக் கதியென உணர்த்திய அப்பெரியாரின் சொல்லை நம் பிள்ளைகள் தலைமேற்கொண்டனர். அதே புனேயின் சதாசிவ பேட்டைப் படிப்பறைகளில், அரசுப்பணித் தேர்வுக்காக இரவும் பகலும் அமர்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான வாலிபரை இன்று காண்கிறோம். குடும்பத்தின் நம்பிக்கை முழுதும் அவர்கள் தோளில். உறக்கம் குன்றி உள்ளம் சோர்ந்தவரையும் நாம் மேலும் படியென்றே ஏவுகிறோம்.

சோணர் என்னும் பிக்கு முயற்சியில் இவர்களைப் போன்றவர். செல்வர் மகன், மெல்லிய பாதங்கள். குருதி கசியுமளவும் உலாவிப் பயின்றார். பயன் காணாது, வீடு திரும்பிவிடலாமென எண்ணினார். பகவன் கடிந்தாரில்லை. அவர் முன்பு வாசித்த வீணையை நினைவூட்டி, நரம்பை மிக முறுக்கினும் தளர்த்தினும் இசை பிறவாதென்பதை அவர் வாயாலேயே சொல்லுவித்தார்.

உலாவுதலைப் பகவன் விலக்கவில்லை, அளவையே திருத்தினார். வழிநடைக்கும் முயற்சிக்கும் வலிமை, நோயின்மை, செரிமானம், நெடிது நிலைக்கும் சமாதி என அதன் ஐம்பயன்களை அங்குத்தர நிகாயம் கூறும். உடலியக்கம் மனச்சோர்வையும் கவலையையும் தணிப்பதை இக்கால உளநூலாரும் கண்டனர். 17 வயது வரையினர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமும், வயதில் மூத்தோர்க்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கமும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-ல் உரைத்தது. விளையாட்டை வீண்பொழுதென்று நாம் ஏசியது பிழையே. நடந்தும் நீங்காத துயருக்கு மருத்துவரை நாடுக. 14416 என்னும் அரசுத் தொலைபேசியில் தமிழிலும் பேசலாம்.

வருகிற உபோசதத்தன்று பஞ்சசீலம் ஏற்றபின் பிள்ளைகளுடன் அரைமணி உலாவுவோம். அவ்வேளை தேர்வைப்பற்றி ஒரு வார்த்தையும் கேளாதிருப்போம்.